ஒரு ஸ்விங், ஒரு கிட்டார், நான் சொன்ன ஒரு பொய்

1/
கொஞ்சம் நீளமான திரெட். வீட்டில் ஒரு வயசுக்குள்ள குழந்தை இருக்கு, இல்ல வரப்போகுதுன்னா கடைசி வரை படிங்க. நடுவில் ஒரு கிட்டார் வாங்கின கதையும் வரும். இரண்டும் ஒரே மாசத்தில் எங்க வீட்டில் நடந்தது. பிரிச்சுச் சொல்ல வரலை.

2/
முப்பது வருஷமா தாம்பரத்தில் பொது மருத்துவரா இருக்கேன். போன ஐப்பசி மழையில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரா எங்க வீட்டுக்கு, சேலையூர் கேம்ப் ரோடு பக்கம், கூட்டிக்கிட்டு வந்துட்டோம். மாப்பிள்ளைக்கு ஓஎம்ஆரில் வேலை, பெருங்களத்தூரில் ஃப்ளாட். வாரக் கடைசியில் வந்து போவார்.

முதல் வாரமே பஞ்சாயத்து ஆரம்பம். தூளியா, எலக்ட்ரிக் ஸ்விங்கா? என் மனைவி கட்சி தூளி. எங்க வீடு பழைய வீடு, ஹாலில் தொட்டில் கொக்கி இருக்கு. மகள் அதில்தான் வளர்ந்தாள். "இவ ஃப்ளாட்டுக்குப் போனதும் எதுல கட்டுவா? ஃபேன் கொக்கியிலயா?" இது என் கட்சி.

3/
கட்சியில் ஜெயிச்சது நான். நானே ஆன்லைனில் தேடி ஆர்டர் போட்டேன். ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து ரிவ்யூ படிச்சேன். ஐந்து வேகம், பன்னிரண்டு பாட்டு, ரிமோட், தலைக்கு மெத்து மெத்துன்னு ஒரு குஷன். ஒரு அம்மா எழுதியிருந்தாங்க: "போட்டா மூணு மணி நேரம் அசையாம தூங்குது." நான் பட்டனை அமுக்கினது அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான். மகள் ராத்திரியெல்லாம் முழிச்சுக் கண்ணெல்லாம் குழி விழுந்திருந்தாள். மூணு மணி நேரத் தூக்கம் வரம் மாதிரி தெரிஞ்சது.

மருந்துக் கம்பெனிக்காரர் வந்து "இது அருமையா வேலை செய்யுது டாக்டர்" என்றால் நூறு கேள்வி கேட்பேன். இதுக்கு ஒண்ணு கூட கேட்கலை.

4/
குழந்தைக்குப் பத்து வாரம் ஆகப்போகிற சமயம். மதியம் கிளினிக் முடிச்சு இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கரண்ட் போயிருந்தது. மனைவி மொட்டை மாடியில் துணி எடுத்துக்கிட்டிருந்தாள். மகள் ரூமில் அசந்து தூங்கறாள். குழந்தை ஹாலில், ஸ்விங்கில்.

ஸ்விங் நின்னுபோச்சு, பாட்டும் நின்னுபோச்சு. வழக்கமா ஆட்டம் நின்னா ஒரே நிமிஷத்தில் ஊரைக் கூட்டுவா. அன்னிக்குச் சத்தமே இல்லை. அது எனக்கு உறுத்துச்சு. செருப்பைக் கூட கழட்டாம கிட்ட போனேன்.

தாடை நெஞ்சில் இடிச்சுக்கிட்டு இருந்தது. உடம்பு சீட்டில் சரிஞ்சு கீழே இறங்கியிருந்தது. உதட்டைச் சுத்தி நீலம்.

5/
தூக்கினேன். கழுத்து நேரானதும் ஒரு பெரிய மூச்சு, அப்புறம் அழுகை. பத்து வினாடிகூட ஆகியிருக்காது. எனக்குத்தான் கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆச்சு. ஆக்சிமீட்டர் வெச்சுப் பார்த்தேன், நார்மல். நெஞ்சு தெளிவா இருந்தது.

மகள் எழுந்து வந்து "ஏம்ப்பா அழறா?" என்றாள். "பசி போல" என்றேன்.

ஸ்விங்கைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன். "மோட்டார் ரிப்பேர்." இது இரண்டாவது பொய். மறுநாள் பத்து வாரத் தடுப்பூசி சாக்கில் குழந்தை டாக்டர் நண்பரிடம் கூட்டிப் போய், அவரிடம் மட்டும் தனியா நடந்ததைச் சொல்லி முழுசா பார்க்கச் சொன்னேன். ஒரு குறையும் இல்லைன்னார்.

நீங்க இப்படிச் செய்யாதீங்க. குழந்தை ஒரு தடவை நீலம் பாரிச்சு, தூக்கினதும் சரியாயிட்டாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரியில் காட்டணும். மூச்சு வரலைன்னா, ஒருத்தர் 108-க்குக் கூப்பிட, இன்னொருத்தர் சிபிஆர் ஆரம்பிக்கணும். கைக்குழந்தைக்கான சிபிஆரை பிரசவத்துக்கு முன்னாடியே கத்துக்கங்க.

6/
என்ன நடந்தது? விளக்கறேன்.

பிறந்த குழந்தையின் தலை, உடம்பு நீளத்தில் நாலில் ஒரு பங்கு. பெரியவங்களுக்கு ஏழு, எட்டில் ஒரு பங்குதான். அவ்வளவு கனமான தலையைத் தாங்க கழுத்துத் தசைக்குச் சுமார் நாலு மாசம் வரை பலம் இல்லை. சாய்வா உட்கார வெச்சா தலை முன்னால தொங்கும். மூச்சுக்குழாயோ சில மில்லிமீட்டர் அகலம்தான், அதுவும் மெத்துனு இருக்கும். தாடை நெஞ்சைத் தொட்டா, மடங்கின தோட்டத்து ஹோஸ் பைப் மாதிரி அடைபடும்.

இதில் பயங்கரம் என்னன்னா, சத்தம் வராது. இருமல், திணறல், கை கால் உதறல் எதுவும் இருக்காது. பார்க்கிறவங்களுக்கு ஆழ்ந்து தூங்கற மாதிரியே தெரியும். "அசையாம தூங்குது" என்ற அந்த ரிவ்யூ வரியை இப்ப திரும்பப் படிச்சுப் பாருங்க.

7/
இது எங்க வீட்டில் மட்டும் நடந்ததுன்னு நினைக்காதீங்க. அமெரிக்காவில் 2019 ஏப்ரலில் ஃபிஷர்-பிரைஸ் கம்பெனியின் 'ராக் அண்ட் ப்ளே' என்ற சாய்வுப் படுக்கை சுமார் 47 லட்சம் திரும்பப் பெறப்பட்டது. அதில் 30-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்திருந்தார்கள். 2022-இல் அங்கே சட்டமே வந்தது: குழந்தை தூங்குவதற்கென்று விற்கும் எதுவும் 10 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது.

2024 அக்டோபரில் அதே கம்பெனியின் 'ஸ்னூகா' ஸ்விங், 20 லட்சத்துக்கும் மேல், திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. ஒன்றிலிருந்து மூன்று மாத வயதுள்ள ஐந்து குழந்தைகள், அதில் தூங்க விட்டபோது இறந்திருந்தார்கள். சொன்ன தீர்வு என்ன தெரியுமா? தலைக்கு வரும் குஷனையும் உடம்புக்கு வரும் மெத்தையையும் வெட்டி எடுத்துடுங்க, தூங்க மட்டும் விடாதீங்க.

நான் வாங்கினது வேற கம்பெனி. ஆனா குஷன் அதே மாதிரி. பின்னந்தலையை முன்னால தள்ளற குஷன். நான் ஆசையா பார்த்து வாங்கின குஷன்.

8/
இனி கிட்டார்.

மாப்பிள்ளை சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பார். பத்து வருஷப் பழைய அக்கூஸ்டிக், பாலம் தூக்கிக்கிச்சு. ஹைப்ரிட் வாங்கணும்னு ரொம்ப நாள் ஆசை. சாதா கிட்டார் மாதிரியும் கேட்கணும், ஆம்பில் போட்டா எலக்ட்ரிக் மாதிரியும் கேட்கணும். டெய்லர் கம்பெனி 2005-இல் டி5-னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. ஃபெண்டர் 2019-இல் அக்கூஸ்டசானிக்னு கொண்டு வந்தாங்க. இரண்டும் நம்ம பட்ஜெட்டில் இல்லை. ஆனா அதே யோசனையில் குறைஞ்ச விலையிலும் இப்ப நிறைய வருது.

காலேஜில் மூணு கார்டு வாசிச்சவன் என்ற ஒரே தகுதியில் என்னையும் கூப்பிட்டார். மவுண்ட் ரோட்டில் 1842-லிருந்து இருக்கிற மியூசி மியூசிக்கல்தான் நம்ம ஊரில் எல்லாருக்கும் தெரிஞ்ச வாத்தியக் கடை. அந்தப் பக்கம் இரண்டு மூணு கடை ஏறி இறங்கினோம்.

9/
மாப்பிள்ளை பார்த்த விதம் எனக்குப் பிடிச்சது. வாங்கறவங்களுக்கு உதவும்னு எழுதறேன்.

முதலில் ஒயரே மாட்டலை. ஒவ்வொரு கம்பியா, ஒவ்வொரு கட்டத்திலும் அமுக்கி வாசிச்சார். எங்காவது ஜிர்ருனு அதிருதா? பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் சுகம். அதுக்கு மேல போனா விரல் தேயும். கழுத்தைக் கண்ணுக்கு நேரா பிடிச்சு வளைவு இருக்கான்னு பார்த்தார்.

அப்புறம் ஆம்ப். ஹைப்ரிட்டில் பொதுவா இரண்டு வகை பிக்கப் சேர்ந்திருக்கும். பாலத்துக்கு அடியில் பியெசோ, அது அதிர்வின் அழுத்தத்தை வாங்கும். கம்பிக்குக் கீழே காந்த பிக்கப், அது ஸ்டீல் கம்பியின் அசைவை வாங்கும். இரண்டையும் தனித்தனியா கேட்கணும், அப்புறம் கலந்து கேட்கணும். ஒரு கம்பி மட்டும் உரக்க வருதா? கையை எடுத்தா உறுமல் கூடுதா? ஆம்புக்குப் பக்கத்தில் போனா எப்ப ஊளையிடுது?

இன்னும் இரண்டு. பேட்டரி எங்கே, மாத்தறது சுலபமா? பல மாடலில் ஒயரைச் சொருகி வெச்சாலே பேட்டரி தீரும், வாசிக்கணும்னு இல்லை. அடுத்தது நம்ம ஊர் ஈரம். மரம் ஊறும், உப்பும். பெட்டியில் வெச்சு, சிலிக்கா ஜெல் பை இரண்டு போடணும்.

10/
கடைசியா இரண்டு கிட்டார் மிஞ்சியது. ஒண்ணு தடிமனான உடம்பு, ஒயர் இல்லாமலே கணீர்னு இருந்தது. இன்னொண்ணு மெல்லிசு. ஒயர் மாட்டாட்டி சத்தம் கம்மி.

"சார், அதை எடுக்காதீங்க. ப்ளக் பண்ணாம வாசிச்சா வீட்டுல ஹாலைத் தாண்டாது" என்றார் கடைக்காரர்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரிச்சார். "மாமா, ஹாலைத் தாண்டாம இருந்தா போதும்ல? பாப்பா தூங்கும்."

சர்ச்சில் எப்படியும் ஒயர் மாட்டப்போறார். வீட்டில் மெல்ல வாசிக்கணும். கடைக்காரர் குறையா சொன்னது எங்களுக்கு நிறை. அதையே வாங்கினோம். எனக்கு உடனே ஸ்விங் ஞாபகம் வந்தது. அதில் நான் நிறைன்னு நம்பி வாங்கினது குறையா போச்சு. சாமானை மட்டும் பார்த்தேன். அது இருக்கப்போற ஹாலை, அதில் படுக்கப்போற குழந்தையை, அந்த நேரத்தில் அசந்து தூங்கப்போற அம்மாவைப் பார்க்கலை.

11/
எக்மோரில் தாம்பரம் லோக்கல் ஏறினோம். கிட்டார் பையை மடியில் வெச்சுக்கிட்டு மாப்பிள்ளை கிண்டி தாண்டினதும் சொன்னார்: "மாமா, அந்த ஸ்விங்கை நான் பிரிச்சுப் பார்க்கறேன். மோட்டார்தானே, ஒயர் விட்டிருக்கும். ஃப்ளாட்டுக்கு எடுத்துட்டுப் போயிடலாம். அவ தனியா சமாளிக்கணும்ல."

அதுவரை பொய் பரண்மேல பத்திரமா இருந்துச்சு. இப்ப பெருங்களத்தூருக்குக் கிளம்புது.

பல்லாவரம் வரும்போது ஆரம்பிச்சேன். குரோம்பேட்டை தாண்டும்போது முடிச்சேன். அவர் ஒண்ணும் பேசலை. பையின் ஜிப்பையே மூடித் திறந்துக்கிட்டிருந்தார். சானடோரியத்தில் வண்டி நின்னப்ப மட்டும் சொன்னார்: "அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க மாமா. என் வாயால வேண்டாம்."

12/
ராத்திரி சொன்னேன். மகள் குழந்தையை மடியில் வெச்சுக்கிட்டே கேட்டாள். அழலை. ரொம்ப நேரம் கழிச்சு ஒரு கேள்வி.

"நான் தூங்கிட்டதாலதான் ஆச்சுன்னு நினைச்சு சொல்லாம இருந்தீங்களா?"

இல்லம்மா, நான் வாங்கினதால ஆச்சுன்னு சொல்லாம இருந்தேன்னேன்.

"நாளைக்கு வேற யாராவது எனக்கு இதையே பரிசா குடுத்திருந்தா? நான் போட்டிருப்பேனே அப்பா."

முப்பது வருஷத்தில் எத்தனையோ அம்மாக்களிடம் "முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"ன்னு கடிஞ்சிருக்கேன். அந்தக் கேள்வி எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது. இந்த திரெட்டை எழுதச் சொன்னதும் அவள்தான்.

13/
இனி நேரா விஷயம்.

ஸ்விங் வாங்கலாமா? வாங்கலாம். முழிச்சிருக்கும்போது, கண் முன்னாடி, கொஞ்ச நேரம். நீங்க இரண்டு வாய் சாப்பிட, குளிச்சுட்டு வர இன்னொருத்தர் பக்கத்தில் இருக்கும்போது. எங்க வீட்டு ரூல் இருபது நிமிஷம். தூங்கிட்டா எடுத்துச் சமமான படுக்கையில் மல்லாக்கப் போடணும். எழுந்துடுவாளேன்னு பயந்து விடக் கூடாது. அந்தப் பயத்தில்தான் ஆபத்து நடக்குது. குறைமாசத்தில் பிறந்த குழந்தைன்னா உங்க குழந்தை டாக்டரைக் கேட்காம ஸ்விங் வேண்டாம்.

வாங்கும்போது பாருங்க: நல்லா பின்னால சாயுதா? தோள், இடுப்பு, கால் நடு என ஐந்து இடத்தில் பிடிக்கிற பெல்ட் இருக்கா? அடிப்பாகம் அகலமா இருக்கா, நம்ம மொசைக் தரையில் வழுக்குதா? தலையை முன்னால தள்ளற குஷன் இருந்தா கழட்ட முடியுதா? எந்த எடை வரைக்கும், எந்த மாசம் வரைக்கும்னு எழுதியிருக்கா? தானா உட்கார முயற்சி பண்ண ஆரம்பிச்சா நிறுத்திடணும்.

14/
அப்ப தூளி? என் மனைவி ஜெயிச்சாளான்னு கேட்பீங்க. பாதி.

தூளி நம்ம மண்ணோட சொத்து, எனக்கும் அது பிடிக்கும். ஆனா அதுவும் சமமான படுக்கை இல்லை. துணி முகத்தை மூடலாம், முதுகு வளைஞ்சு தாடை இறங்கலாம். ஆட்டித் தூங்க வைங்க, பக்கத்திலேயே இருங்க, தூங்கினதும் பாயில் மாத்துங்க. தொட்டில் கம்பு போட்டு வாயை அகலமா வையுங்க. தரையிலிருந்து ஒரு சாண், இரண்டு சாண் உயரம் போதும். ஃபேன் கொக்கியில் கட்டவே கட்டாதீங்க.

ரொம்ப முக்கியம்: குழந்தை இல்லாத நேரம் புடவையை அவிழ்த்து வெச்சுடுங்க. வீட்டில் இருக்கிற பெரிய பிள்ளைங்க அதில் சுத்தி விளையாடி கழுத்து இறுகி இறந்த செய்தி நம்ம தமிழ்நாட்டுப் பேப்பரில் அடிக்கடி வருது. கைக்குழந்தைக்குக் கட்டினது எட்டு வயசுப் பிள்ளையைக் கொண்டு போயிருக்கு.

15/
"எடுத்துப் படுக்க வெச்சா உடனே எழுந்துடுது டாக்டர்." எல்லா அம்மாவும் சொல்றது இதுதான். ஜப்பானில் ரிக்கன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2022-இல் ஒரு சின்ன ஆய்வு வெளியிட்டாங்க. அழற குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஐந்து நிமிஷம் சீரா நடங்க. தூங்கினதும் உடனே கீழே போடாதீங்க. இன்னும் ஐந்திலிருந்து எட்டு நிமிஷம் மடியில் வெச்சு உட்காருங்க. அப்புறம் போடுங்க. எங்க வீட்டில் பத்துக்கு ஆறு தடவை பலிக்குது.

நடக்கிற வேலை தாத்தாவுடையது. ஹாலிலிருந்து சமையலறை, திரும்ப ஹால். என் சுகருக்கும் நல்லது.

16/
கடைசியா காது. ஸ்விங்கில் பாட்டு, தனியா விற்கிற 'வொயிட் நாய்ஸ்' மெஷின் எல்லாம் குழந்தையின் தலைக்குப் பக்கத்திலேயே இருக்கும். டொரண்டோவில் 14 மெஷின்களை அளந்து 2014-இல் ஒரு ஆய்வு வந்தது. 30 செ.மீ. தூரத்தில் முழுச் சத்தத்தில் எல்லாமே 50 டெசிபலைத் தாண்டியது. 50 என்பது ஆஸ்பத்திரி பச்சிளங்குழந்தை வார்டுக்குச் சொல்லப்படும் அளவு. மூணு மெஷின் 85-ஐயும் தாண்டியது. அந்த 85-இல் ஃபேக்டரித் தொழிலாளியே எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். மெஷின் வைக்கணும்னா அறையின் அந்த மூலையில், குறைஞ்ச சத்தத்தில், தூங்கினதும் அணைங்க. கிட்டார் ஆம்ப் குழந்தை இருக்கும் அறையில் வேண்டாம்.

17/
இப்ப குழந்தைக்கு ஐந்து மாசம். மகள் பெருங்களத்தூருக்குப் போயாச்சு. ஸ்விங்கும் போச்சு, குஷனைக் கழட்டி. சமையலறை வாசலில் நிக்குது, காலையில் பதினைந்து நிமிஷம். கைப்பிடியில் மகள் ஒரு பிளாஸ்திரி ஒட்டி பேனாவில் எழுதியிருக்கா: "தூங்கினா எடு."

சனிக்கிழமை சாயங்காலம் போனா மாப்பிள்ளை ஒயர் மாட்டாம வாசிப்பார். குழந்தை பாயில் மல்லாக்கப் படுத்து, காலை உதைச்சுக்கிட்டு, கம்பியையே பார்க்கும். சத்தம் ஹாலைத் தாண்டாது.

இது பொதுவான தகவல்தான். உங்க குழந்தைக்கு எது சரின்னு உங்க குழந்தை டாக்டரிடம் கேளுங்க. வளைகாப்புக்கோ, பேரு வைக்கவோ யாருக்காவது ஸ்விங் வாங்கித் தரப்போறீங்கன்னா, தயவுசெஞ்சு இந்த திரெட்டையும் சேர்த்து அனுப்புங்க.